கருணைக்கொலையா, நல்லிறப்பா?

கால்நடை மருத்துவர்கள் 'யூதனேசியா' என்பதைத் தமிழில் 'கருணைக்கொலை' என்றே எழுதிப் பழகிவிட்டோம். கிரேக்க மூலத்தில் கருணையும் இல்லை, கொலையும் இல்லை. 'யூ' என்றால் நல்ல. 'தனடோஸ்' என்றால் சாவு. யாராவது நோவின்றிச் சட்டென இறந்தார் என்று கேட்டால், தனக்கும் தன் வீட்டாருக்கும் அப்படியொரு யூதனேசியா வாய்க்க வேண்டும் என ரோமப் பேரரசர் அகஸ்டஸ் வேண்டிக்கொள்வாராம். ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கன் அதை மருத்துவர் கடமையோடு சேர்த்தார். அதுவும் சாகிறவரின் வலியைத் தணிப்பது என்ற அளவில்தான். நம் கருணைக்கொலையோ 'மெர்சி கில்லிங்' என்ற வேறொரு ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பு.

பன்றிப் பண்ணைக்குள் போனால் சொல்லின் எல்லை விளங்கும். சினை பிடிக்காத கிழத் தாய்ப்பன்றியைக் கறிக்கு விற்பது 'கழித்தல்'. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பண்ணையில் துள்ளித் திரியும் குட்டியையும் சேர்த்துக் கொல்வது நோய்த்தடுப்பு. பின்னங்கால் விழுந்து, தீவனத் தொட்டிக்கு எழுந்து வர முடியாமல், படுத்த பக்கமெல்லாம் புண்ணாகிக் கிடக்கும் பன்றியை வண்டியில் இழுத்துப் போட்டு அறுப்புக்கு அனுப்பினால் அது வதை. அதைக் கிடந்த இடத்திலேயே வலியின்றி முடித்துவைப்பதற்குத்தான் யூதனேசியா என்று பெயர்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இதை, பழைய தட்டுமுட்டுச் சாமானைச் சொல்வதுபோல, 'அழித்தல்' என்கிறது! என் தேர்வு 'நல்லிறப்பு'. 'கருணை' கொல்பவரின் மனதைச் சொல்கிறது. பன்றி எப்படிச் செத்தது என்று கேட்பது 'நல்லிறப்பு' மட்டுமே. இரக்கப்பட்டுத் தலையில் தடியால் அடிப்பவரும் உண்டு. முதிர்ந்த பன்றியின் நெற்றி எலும்புக்குள் காற்றறைகள் பெருத்து, மூளை ஆழத்தில் இருக்கும். அடி அங்கே எட்டாது, பன்றி அலறும். கருணைக்குக் குறைவில்லை, இறப்புதான் நல்லதாக இல்லை.

மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுத்து, பிறகு உயிரை நிறுத்தும் பென்டோபார்பிட்டால் ஊசி போடுகிறார். கருவிழியை விரலால் தொட்டால் இமை அசையக் கூடாது. மூச்சும் இதயத்துடிப்பும் நின்றதை உறுதிசெய்த பிறகே எழுவார். அந்த இறைச்சி யாருக்கும் ஆகாது. மருந்து உடலிலேயே தங்குவதால், தின்னும் நாயும் கழுகும்கூடச் சாகும். ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.