டிஸ்டர்பிங்: தொந்தரவா, கலக்கமா?

போர்க் கொடுமைகளை மறைக்காமல் காட்டும் படம் முடிந்து விளக்கு எரிந்ததும், சென்னையில் பலர் வாயில் முதலில் வரும் சொல் ‘டிஸ்டர்பிங்’. ‘செம டிஸ்டர்பிங் ப்ரோ’ என்பார் ஒருவர். ‘ரொம்ப டிஸ்டர்ப் ஆயிட்டேன்’ என்பார் இன்னொருவர். வாயைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்து போனவரும் இதைத்தான் சொல்வார், கடைசிவரை அசையாமல் உட்கார்ந்துவிட்டு இரவு தூக்கமில்லாமல் புரண்டவரும் இதைத்தான் சொல்வார். இருவருக்கும் நேர்ந்தது வேறு வேறு. விமர்சனம் எழுதுவோரும், திரையிடலுக்கு முன் எச்சரிக்கை வாசிப்போரும் இதைப் பிரித்துச் சொல்லத் தமிழில் போதுமான சொற்கள் இருக்கின்றன.

முதலில் வேர். லத்தீனில் ‘துர்பா’ என்றால் கும்பல், அமளி. அதிலிருந்து வந்த ‘துர்பாரே’ குழப்புவதையும் கலக்குவதையும் குறிக்கும். முன்னால் ‘திஸ்’ ஒட்டினால் அடியோடு கலைத்துப் போடுவது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்தான் ‘டிஸ்டர்ப்’. நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘டிரபிள்’ இதன் பங்காளி. குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் வரும் ‘டர்பிடிட்டி’யும் அதே குடும்பம்தான். அதற்குத் தமிழில் கலங்கல் என்கிறோம். சேறு கிளம்பிய தண்ணீருக்கும் நிலைகுலைந்த மனத்துக்கும் ஒரே வினையைத் தமிழும் நெடுநாளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது. ‘கலங்காது கண்ட வினைக்கண்’ என்ற குறளில் கலங்குவது மனம்.

ஆகவே நேர்ச்சொல் கையிலேயே இருக்கிறது. ஆனாலும் மொழிபெயர்ப்பில் அடிக்கடி வந்து விழுவது ‘தொந்தரவு செய்யும் படம்’. பக்கத்து சீட்டுக்காரர் சத்தமாக போன் பேசுவது தொந்தரவு. ஊரையே கொளுத்தும் காட்சியைப் பார்த்து மனம் நிலைகொள்ளாமல் தவிப்பதை அப்படிச் சொன்னால் அபத்தமாக இருக்கும். ‘பாதித்த படம்’ என்பது பரவாயில்லை, ஆனால் காதல் படமும் பாதிக்கும், அப்பா மகன் படமும் பாதிக்கும். எந்த வகைப் பாதிப்பு என்பது அதில் தெரியாது.

‘கலக்கும் படம்’ என்று மொட்டையாக எழுதவும் வழியில்லை. சென்னைத் தமிழில் ‘கலக்கிட்டான்’ என்றால் பிரமாதம் என்று பொருள். படுகொலையைப் பற்றிய படத்தைக் ‘கலக்கல்’ என்று எழுதிவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்! ஆகவே மனம் என்ற சொல்லை விடாமல் சேர்க்க வேண்டும்: பெயராக மனக்கலக்கம், அடையாக மனத்தைக் கலங்கவைக்கும்.

ஆனால் எல்லா ‘டிஸ்டர்பிங்’கும் மனக்கலக்கம் ஆகிவிடாது. இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

1988இல் வந்த ஹாங்காங் படம் ‘மென் பிஹைண்ட் தி சன்’, இயக்கம் டி. எஃப். மௌ. சீனாவின் ஹார்பின் நகரருகே பிங்ஃபாங்கில் ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவு கைதிகள் மேல் நடத்திய சோதனைகள்தான் பொருள். அந்தக் கைதிகளை அங்கே ‘மருத்தா’, அதாவது மரக்கட்டை, என்று அழைத்தார்கள். படத்தில் ஒரு பெண்ணின் கைகளைக் குளிரில் உறையவிட்டு, வெந்நீரில் முக்கி, தோல் உரிவதைக் காட்டுகிறார்கள். இதற்குப் பார்ப்பவர் உடம்பு பதில் சொல்கிறது. நம் ஊரில் ‘குடலைப் பிரட்டுது’, ‘குமட்டுது’, ‘உடம்பு கூசுது’ என்பார்கள். பொதுச்சொல் அருவருப்பு. காட்சி போனதும் இது பெரும்பாலும் இறங்கிவிடும்.

1985இல் வந்த சோவியத் படம் ‘கம் அண்ட் சீ’, இயக்கம் எலெம் கிளிமோவ். நாஜிப் படைகள் பெலாரஸ் கிராமங்களை மக்களோடு எரித்ததுதான் கதைக்களம். 628 கிராமங்கள் அப்படி எரிந்தன என்று படமே இறுதியில் சொல்கிறது. இதில் ஒரு இடம்: சிறுவன் ஒரு பெண்ணோடு தன் வீட்டுக்குத் திரும்புகிறான். யாரும் இல்லை. தரையில் பொம்மைகள், ஈ மொய்க்கும் சத்தம். இருக்கும் சூப்பை எடுத்துக் குடிக்கிறான். பிறகு இருவரும் ஓடும்போது கூட வந்த பெண் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுக்குப் பின்னால் சடலங்கள் குவிந்து கிடக்கின்றன. அவ்வளவுதான், படம் நகர்ந்துவிடுகிறது. குமட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஈச் சத்தம் நாலு நாள் கழித்தும் காதில் கேட்கும். ‘மனசு என்னமோ பண்ணுது’, ‘வயித்தைப் பிசையுது’ என்கிறோமே, அது இந்த வகை. மனக்கலக்கம் என்ற சொல்லை இதற்கே வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. முதலில் சொன்ன படத்தில் சிறுவன் ஒருவனை அறுக்கும் காட்சிக்கு உண்மையான சடலத்தைப் பயன்படுத்தியதாக இயக்குநரே சொல்லியிருக்கிறார். இதை அறிந்தபின் பலருக்கு வருவது கோபம், அதுவும் போர்க் குற்றவாளிமேல் அல்ல, படம் எடுத்தவர்மேல். இதையும் ‘டிஸ்டர்பிங்’ என்றே எழுதினால் வாசகருக்கு எதுவும் விளங்காது. மனம் ஒப்பவில்லை, அறமல்ல என்று நேராகச் சொல்லிவிடலாம்.

இந்தப் பிரிவினை தமிழுக்குப் புதிதல்ல. உணர்ச்சிகள் உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் இளிவரலையும், அதாவது இழிவாக உணர்வதையும், தனித்தனியாக வைக்கிறது. அதோடு நில்லாமல் வெரூஉதல், நடுக்கு, கனவு, கையாறு என்று இன்னொரு பட்டியலும் தருகிறது. திடுக்கிடல், உடல் நடுக்கம், கனவில் வருதல், செயலற்றுப் போதல் என்று இன்றைய பேச்சில் சொல்லலாம். கொடும்படம் பார்த்தவர் படும் பாடு ஏறக்குறைய இதற்குள் அடங்கும்.

உடம்புப் பக்கம் ஒரு குறிப்பு. ரத்தத்தைப் பார்த்துச் சிலர் மயங்குவது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் வருவது. வியர்வை, கொட்டாவி, காதடைப்பு, கண் இருட்டல் என்று முன்கூட்டியே தெரியும். வெறும் வயிறும் தண்ணீர் குடிக்காததும் இதைக் கூட்டும். அறிகுறி தெரிந்தவுடன் கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, 20 முதல் 30 விநாடி தளர்த்தி, 5 முறை செய்தால் அழுத்தம் ஏறும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. எழுந்து வெளியே ஓடுவதுதான் பெரிய தப்பு, படிக்கட்டில் விழுவார்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் போதும். இதற்குச் சொல் மயக்கம். ‘டிஸ்டர்ப் ஆயிட்டார்’ என்றால் உதவிக்கு வருபவருக்கு எதுவும் தெரியாது.

எச்சரிக்கைக்கு வருவோம். ‘ஏ’ சான்று 18 வயதைச் சொல்லும், என்ன இருக்கிறது என்று சொல்லாது. திரைப்பட விழாக்களில் தணிக்கை விலக்குப் பெற்ற படங்கள் வெட்டில்லாமல் ஓடும்போது எச்சரிக்கை அறிவிப்பது விழா நடத்துபவரின் பொறுப்பாகிவிடுகிறது. ‘டிஸ்டர்பிங் காட்சிகள் உள்ளன’ என்பது வீண், சிலருக்கு ஆர்வத்தைக் கிளறிவிடவும் செய்யும். இப்படி வாசிக்கலாம்: ‘கைதிகள் மீதான மருத்துவச் சோதனை, சிறுவன் உடலை அறுத்தல், விலங்கு வதை ஆகியவை நெருக்கமாகக் காட்டப்படுகின்றன. இடையில் வெளியேற விரும்புவோர் ஓர இருக்கையில் அமரலாம்.’ அறிவிப்பைக் கேட்டதால் கலக்கம் குறைந்துவிடாது. உள்ளே இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மட்டும் அது உதவும்.

‘கிராஃபிக் வயலன்ஸ்’ என்பதை ‘கிராஃபிக்ஸ் வன்முறை’ என்று எழுதுவதும் நடக்கிறது. கோடம்பாக்கத்தில் கிராஃபிக்ஸ் என்றால் கணினியில் செய்தது, ஆகவே பொருள் தலைகீழாகிவிடும். கிரேக்கத்தில் கீறுதல், எழுதுதல் என்ற வினையிலிருந்து வந்து, வரைந்து காட்டியதுபோல் தெளிவானது என்ற பொருளுக்குப் போன சொல் அது. ‘அப்பட்டமான வன்முறை’ சரியாகப் பொருந்தும்.

கடைசியாக ‘டிஸ்டர்ப்டு’. படம் பார்த்தவரைப் பற்றிச் சொல்லும்போது ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்று மொழிபெயர்ப்பது தவறு, அது நோயாளி என்ற முத்திரை. ‘கலங்கிப் போயிருக்கிறார்’ என்பதே போதும். காட்சிகள் ஓரிரு வாரம் நினைவில் வந்து போவது வழக்கம்தான். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டு வேலை ஓடவில்லை என்றால் மனநல ஆலோசனை தேவை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.