மாத்திரைப் பெயரை நடுவிலும் படியுங்கள்

மெடிக்கல் கடையில் பார்மசிஸ்டாக இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருந்துகளின் ஆங்கிலப் பெயர்கள் நீளமானவை, வாயில் நுழையாதவை. அதனாலேயே பலர் தலையையும் வாலையும் பார்த்துவிட்டு, "அதுதான் இது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஹைட்ராக்சிசின், ஹைட்ராலசின் என்று இரண்டு மருந்துகள் உண்டு. முன்னது அரிப்புக்கு, பின்னது பிரஷருக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 11 எழுத்து. முதல் நான்கும் ஹெச், ஒய், டி, ஆர். கடைசி நான்கும் இசட், ஐ, என், இ. நடுவில் உள்ள மூன்றுதான் வேறு: ஒன்றில் ஓ, எக்ஸ், ஒய்; மற்றதில் ஏ, எல், ஏ. அவசரமாகக் கிறுக்கிய சீட்டில் அந்த மூன்றும் வெறும் நெளிகோடாகத்தான் தெரியும். அரிப்புக்கு வந்தவர் பிரஷர் மாத்திரையைப் போட்டால், அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2001-இல், இப்படிக் குழப்பும் ஜோடிகளில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடச் சொன்னது. அந்தப் பட்டியலில் இந்த ஜோடியும் உண்டு.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. மருந்தின் பொதுப்பெயரை (கம்பெனி வைக்கும் பெயரை அல்ல, மருந்துக்கே உரிய பெயரை) தெளிவாக, முடிந்தவரை கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் திருத்தம் கொண்டுவந்தது. சீட்டு புரியவில்லையென்றால் டாக்டரிடமே கேளுங்கள், தப்பே இல்லை. எந்தத் தொந்தரவுக்கு எந்த மாத்திரை என்பதையும் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங்கை நான் வாலிலிருந்துதான் சொல்லித்தருவேன். உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர் வைக்கும்போது ஒரே வகை மருந்துகளுக்கு ஒரே வால் கொடுக்கிறது. அட்டெனலால், மெட்டோபுரோலால் என்று 'ஒலால்' வந்தால் பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும் வகை. 'சார்டான்' பிரஷருக்கு, 'வாஸ்டாட்டின்' கொழுப்புக்கு, 'பிரசோல்' வயிற்று அமிலத்துக்கு. வால் மனதில் பதிந்துவிட்டால் பாதி ஸ்பெல்லிங் வந்துவிடும். அப்புறம் கவனம் முழுக்க மீதி எழுத்துகள் மேல்தான் இருக்க வேண்டும்.

சில வேறுபாடுகளுக்குப் பயப்பட வேண்டாம். அமாக்சிசிலின் நடுவே சில அட்டைகளில் ஐ இருக்கும், சிலவற்றில் ஒய் இருக்கும். ஐ சர்வதேச முறை, ஒய் பழைய பிரிட்டிஷ் முறை. மருந்து ஒன்றேதான்.

போனில் ஆர்டர் சொல்லும்போது மட்டும் மிகவும் கவனம். இரண்டு 'பி'யும் இரண்டு 'டி'யும் காதில் ஒன்றுபோலவே விழும். பழனிக்கு வரும் பி, பெங்களூருக்கு வரும் பி என்று ஊர்ப்பெயரோடு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள். கடைக்காரர் திருப்பிப் படித்துக் காட்டட்டும். முடிந்தால் போனே வேண்டாம், அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

அட்டையை வெட்டித்தான் வாங்குகிறீர்கள் என்றால், பெயரும் மில்லிகிராமும் காலாவதித் தேதியும் அந்தத் துண்டில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லையென்றால் உறையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள், முழுப் பெயரையும்.