ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்: தமிழில் கணைக்கால் விளிம்பு வலி

காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் இளைஞர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடிந்த கையோடுதான் பலர் மைதானத்தில் கால் வைக்கிறார்கள். நாட்கள் குறைவு என்பதால் எடுத்த எடுப்பிலேயே தினமும் ஓட்டம். இரண்டு மூன்று வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரமாக வலி பிடித்துக்கொள்ளும். "எலும்பு வலிக்குதுண்ணே" என்பான் பையன். "ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்டா, ரெண்டு நாள் ஓடாதே" என்பார் சீனியர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஷின் என்பது பழைய ஆங்கிலச் சொல். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட முன்பகுதியைக் குறிக்கும். ஸ்ப்ளின்ட் என்றால் மெல்லிய பட்டை, சிம்பு. எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் பத்தைக்கும் அதே பெயர்தான். புத்தூர்க் கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறார்களே, அது போல. அப்படியானால் வலிக்கு ஏன் பத்தையின் பெயர்? குதிரையைப் பார்த்தால் விடை கிடைக்கும். குதிரையின் கீழ்க்காலில் பெரிய எலும்பை ஒட்டி இரு பக்கமும் ஒல்லியாக இரண்டு எலும்புகள் உண்டு. அவற்றை ஆங்கிலத்தில் ஸ்ப்ளின்ட் எலும்புகள் என்பார்கள். அங்கே வீங்கிப் புடைத்துக்கொள்வதைக் குதிரை வளர்ப்பவர்கள் பல நூற்றாண்டுகளாக ஸ்ப்ளின்ட் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். லாயத்துச் சொல்தான் ஓட்டக்காரர் காலுக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'முன்கால் சிம்பு' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இதில் எதுவும் பிளப்பதும் இல்லை, சிம்பாக உடைவதும் இல்லை.

மருத்துவர்களுக்கும் இந்தப் பெயர் மேல் பெரிய பிரியம் கிடையாது. முழங்காலுக்குக் கீழே எது வலித்தாலும் இதே பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர்கள் குறை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் ஒரு வரையறை கொடுத்தது: கடினமான தரையில் திரும்பத் திரும்ப ஓடுவதால் வரும் வலியே இது, எலும்பு முறிவையும் ரத்த ஓட்டக் கோளாறையும் இதில் சேர்க்கக் கூடாது. 1982-இல் 'மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்' என்ற பெயர் வந்தது. நீளமான பெயர், ஆனால் எந்த எலும்பு (டிபியா), எந்தப் பக்கம் (மீடியல், அதாவது உள்பக்கம்), எதனால் (ஸ்ட்ரெஸ், அதாவது எலும்பின் மேல் ஏறும் சுமை) என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. டிபியா என்பது லத்தீனில் அந்த எலும்புக்கும் பெயர், புல்லாங்குழல் போன்ற ஊதுகுழலுக்கும் பெயர். நம் கறிக்கடையில் கேட்டு வாங்கும் நல்லி எலும்பையும் இந்தியில் குழாயைக் குறிக்கும் 'நலீ' என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எலும்பைக் குழலாகப் பார்த்தது ரோமாபுரிக்காரர்கள் மட்டுமில்லை என்று தோன்றும்.

தமிழில் இந்த இடத்துக்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கணைக்கால் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட கால் அது. சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பேரில் இருப்பதும் அதே சொல்தான். கணை என்றால் அம்பு மட்டுமல்ல, திரட்சி என்றும் பொருள். சங்கப் பாடல்களில் நெய்தலின் திரண்ட தண்டையும் கணைக்கால் என்பார்கள். ஒரே சிக்கல், கணுக்காலோடு குழப்பிக்கொள்கிறார்கள். கணு இருப்பது கணுக்கால்; அதற்கு மேலே முழங்கால் வரை கணைக்கால். பின்பக்கம் சதை திரண்ட இடம் கெண்டைக்கால்.

'ஸ்ட்ரெஸ்' என்பதை அழுத்தம் என்று பெயர்த்தால் படிப்பவர் மனஅழுத்தம் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இயற்பியல் பாடநூலில் உள்ள தகைவு என்ற சொல் சரியானதுதான், ஆனால் மைதானத்தில் எடுபடாது. என்னைக் கேட்டால் 'கணைக்கால் விளிம்பு வலி' போதும். விளிம்பு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். ஏனென்றால் நோயை அடையாளம் காண்பதே அந்த விளிம்பில்தான்.

உட்கார்ந்து, காலின் உள்பக்கம் எலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலிருந்து முழங்காலை நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். விளிம்பு நெடுக 5 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேலும் வலி பரவியிருந்தால் பெரும்பாலும் இதுதான். ஒரே ஒரு புள்ளியில் சுரீர் என்றால், ஒற்றைக்காலில் குதிக்கவே முடியவில்லை என்றால், ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், மயிரிழை விரிசலாக இருக்கலாம். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐயில் தெரியும். ஓட ஓடக் கால் இறுகி, பாதம் மரத்து, நின்றால் சரியாகிறது என்றால் அது தசை உறைக்குள் அழுத்தம் ஏறும் வேறொரு கோளாறு.

எலும்பு உயிருள்ள பொருள். சுமை கூடும்போது பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும். கரைப்பது வாரக்கணக்கில் முடியும், கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். இடையில் இன்னும் சுமையை ஏற்றினால் விளிம்பு நோகிறது. எலும்பின் மேலுறையைத் தசைகள் இழுப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள். அதனால்தான் ரெண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு அதே வேகத்தில் திரும்பினால் வலியும் கூடவே திரும்பி வருகிறது.

சரி, என்ன செய்வது? ஓட்டத்தின் தூரத்தையும் வேகத்தையும் குறைத்து, வலி இல்லாத அளவுக்கு இறக்கிவிட வேண்டும். நடந்தாலே வலித்தால் ஓட்டமே வேண்டாம். சைக்கிளும் நீச்சலும் மூச்சுத்திறனைக் காப்பாற்றும். ஐஸ் ஒத்தடம் 15 நிமிடம் வலியைத் தணிக்கும், ஆனால் அது எலும்பைக் கட்டாது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம், எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு ஓடுவது மாதிரி. முழங்காலைச் சற்று மடக்கி நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சி கெண்டைக்காலின் உள்தசையைப் பலப்படுத்தும். அடியை நீட்டி வைக்காமல், நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் எலும்பின் மீது விழும் சுமை குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தவறிப்போவதும், யாராக இருந்தாலும் சரியாகச் சாப்பிடாமல் ஓடுவதும் எலும்பைப் பலவீனமாக்கும். மைதானத்தில் பேசத் தயங்குகிற விஷயம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

திரும்ப ஓடத் தொடங்கும்போது ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை எழுந்ததும் விளிம்பை அழுத்திப் பாருங்கள். முந்தைய நாளைவிட நொந்தால் அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்.