சிங்க்குக்கு எலுமிச்சை போதும், உப்பு வேண்டாம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எலுமிச்சை மூடியில் கல்லுப்பைத் தொட்டு வாரம் ஒருமுறை சிங்க்கைத் தேய்க்கிறேன். வெள்ளைக் கறை போய்விடுகிறது, ஆனால் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. எவர்சில்வர் துருப்பிடிக்குமா?"

பிடிக்கும். காரணம் அந்த உப்பு.

வெள்ளைக் கறை எளிய விஷயம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், காயும்போது கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேற, கறை கரையும்.

பழுப்புப் புள்ளி உருவாகும் விதம்தான் வியப்பானது. எவர்சில்வரும் பெரும்பாலும் இரும்புதான். 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம் உண்டு. அது ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் போர்த்துகிறது. கீறினாலும் காற்றுப் பட்டால் தானே மூடிக்கொள்கிறது. இந்தப் படலத்தைத் துளைப்பது உப்பிலுள்ள, எதிர்மின்சுமை கொண்ட குளோரைடு அயனி. பலவீனமான ஓரிடத்தில் படலம் உடைந்ததும் அடியிலுள்ள உலோகம் கரைகிறது. கரைந்த உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து குழிக்குள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவற்றின் நேர்மின்சுமை வெளியிலிருந்து இன்னும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. அமிலம் ஏற ஏற உலோகம் இன்னும் வேகமாகக் கரைகிறது; குறுகிய குழிக்குள் ஆக்சிஜன் எட்டாததால் படலம் மறுபடி உருவாகவும் வழியில்லை. ஊசிமுனை அளவுக் குழி, தன்னைத் தானே தோண்டிக்கொண்டு போகிறது! கடற்காற்று வீசும் கடலூர், புதுச்சேரி வீடுகளில் குளோரைடுக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை. இயற்கைப் பொருள் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையை நாம் கைவிட்டே ஆகவேண்டும், உப்பும் இயற்கைதான்.

இனி செய்முறை. முதலில் பாத்திர சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கு இருந்தால் அமிலம் கறையைத் தொடாது. இரண்டு பழச் சாற்றில் பருத்தித் துணியை நனைத்துக் கறைமேல் 15 நிமிடம் போர்த்துங்கள். மென்மையான ஸ்பாஞ்சால் துடைத்து, நன்றாகக் கழுவிய பிறகு, இரண்டு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பழுப்புப் புள்ளிகளை உலோகத்தின் கோடு போகும் திசையிலேயே தேயுங்கள். சாற்றையும் சோடாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். கடைசியில் உலர்ந்த துணியால் துடைப்பதுதான் முக்கியம்: ஈரம் காய்ந்தால் கால்சியமும் குளோரைடும் அங்கேயே தங்கும்.

கம்பி நார் வேண்டாம். அது விட்டுச்செல்லும் இரும்புத் துகள்களே துருப்பிடித்துப் புள்ளியாகத் தெரியும். அந்த வகைப் புள்ளி என்றால் எலுமிச்சையே கரைத்துவிடும். தொழிற்சாலைகளிலும் எவர்சில்வர் பாகங்களில் ஒட்டிய இரும்பை நீக்க சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

சமையல் மேடை கடப்பா கல்லாக இருந்தால் சாறு சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சுண்ணாம்புக்கல்தான், பட்ட இடம் மங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட சிங்க்கில் எலுமிச்சை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.