மூச்சு வாங்காம நடந்தா அது வாக்கிங் இல்ல அண்ணாச்சி

சித்திரை மாசம் ஒரு அண்ணாச்சி முதுகு வலின்னு வந்தாவ, பாளையங்கோட்டைல கடை வச்சிருக்கவிய, வயசு 58, சுகர் வந்து எட்டு வருஷமாச்சாம். பேச்சுவாக்குல "தினமும் காலைல ஒரு மணி நேரம் நடக்கத்தான் செய்யுதேன் டாக்டர், சுகர் மட்டும் எறங்கவே மாட்டேங்கு"ன்னாவ. (நான் பிசியோதெரபிஸ்ட் தான், இருந்தாலும் இங்க வெள்ளை கோட்டு போட்டா எல்லாருமே டாக்டர்தான்.) எப்படி நடக்கீயன்னு கேட்டா, வ.உ.சி. மைதானத்துக்கு பைக்ல போவாவளாம், அங்க கூட்டாளி நாலு பேரு இருப்பாவ, ஊர்க்கதை எல்லாம் பேசிக்கிட்டு ரெண்டு சுத்து, நடுவுல யாராவது வந்தா நின்னு ஒரு அரட்டை, பொறவு டீக்கடை, டீயோட ரெண்டு உளுந்தவடை. கணக்கு போட்டுப் பாத்தா நடந்தது இருபது நிமிஷம் கூட தேறல, அந்த இருபது நிமிஷமும் சாமி சப்பரம் போற வேகம்.

என்கிட்ட வாரவங்கள்ல பாதிப்பேரு இந்த அண்ணாச்சி மாதிரிதான். ஏரோபிக்னு சொன்னவுடனே ஏதோ பாட்டு போட்டு ஆடுறதுன்னு நெனைக்காவ, அது அதுல ஒண்ணு, அவ்வளவுதான். தொடை, பின்புறம், கெண்டைக்கால் மாதிரி பெரிய தசைங்க எல்லாம் விடாம ஒரே சீரா வேலை செய்யணும், அதுக்கு ஆக்சிஜன் வேணும்னு நெஞ்சும் நுரையீரலும் கூடுதலா ஓடணும், அப்படி எது ஓட வைச்சாலும் ஏரோபிக்தான். அளவு தெரிய வாட்ச் எல்லாம் வேண்டாம், நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. பாட்டு முழுசா வந்துச்சுன்னா வேகம் பத்தல, நாலு வார்த்தைக்கே மூச்சு முட்டுச்சுன்னா அது கடும் பயிற்சி. 220-ல இருந்து வயசக் கழிச்சு நாடித்துடிப்பு பாக்கிற கணக்கும் உண்டு, ஆனா அது தோராயம்தான், அதுலயும் இதயத்துடிப்ப கொறைக்கிற சில பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்தே வராது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன அளவு, வாரத்துக்கு மிதமான வேகத்துல 150-ல இருந்து 300 நிமிஷம், இல்லன்னா கடுமையா 75-ல இருந்து 150. ஒரே மூச்சுல செய்யணும்னு இல்ல, பத்து பத்து நிமிஷமா பிரிச்சும் செய்யலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி ஒண்ணு 1953-ல லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்ங்கிற டாக்டர் குழு வெளியிட்டது. ரெண்டு மாடி பஸ்ல ஒக்காந்தே ஓட்டுற டிரைவருங்களுக்கு, மாடிப்படி ஏறி எறங்கி டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருங்கள விட மாரடைப்பு கூடுதலா வந்திருக்கு. ஒரே பஸ்ஸு, ஒரே ரோடு! இத நான் நம்ம மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்துல இருந்து வார பீடி சுத்துற அக்காமாருக்கு சொல்லுவேன். தட்ட மடில வச்சு ஒக்காந்தா மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாவ, கேட்டா "வீட்டு வேலை முழுக்க நான்தானே பாக்கேன்"ம்பாவ, சரிதான், ஆனா அந்த நாலஞ்சு மணி நேரம் கெண்டைக்கால் தூங்கிட்டு கெடக்கு. கெண்டைக்கால் சுருங்கி விரியும்போதுதான் கால்ல தேங்குற ரத்தம் மேல ஏறும், அதான் சாயங்காலம் கால் வீங்குது. மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு நின்ன எடத்துலயே முட்டிய தூக்கி தூக்கி அஞ்சு நிமிஷம் மிதிச்சாலே போதும், ரோட்டுக்கு போக வேண்டாம், யாரும் பாக்கவும் போறதில்ல.

சுகர் சங்கதிக்கு வருவோம். தசை வேலை செய்யும்போது இன்சுலின் வந்து கதவ தட்டாமலே ரத்தத்துல இருக்க சர்க்கரைய உள்ள இழுத்துக்கும், அந்த தெம்பு ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள் வரைக்கும் தான் நிக்கும். அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் நடக்கிற வேலையெல்லாம் ஆகாது, ரெண்டு நாளுக்கு மேல இடைவெளி விடாதீய. சாப்பிட்ட பொறவு பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகர் கொறையும். இன்சுலின் போடுறவங்க சட்டைப்பைல ரெண்டு சர்க்கரை மிட்டாய் வச்சுக்கோங்க, திடீர்னு சுகர் எறங்கி கைகால் நடுங்குனா ஒதவும். ஒருத்தர் அல்வா கொண்டு போறேன்னாரு, நெய் இருக்கதால அது மெதுவாத்தான் ரத்தத்துல ஏறும், அந்த நேரத்துக்கு ஆகாது. செருப்பில்லாம ரதவீதி சுத்துறது பக்திக்கு சரி, கால் மரத்துப்போன சுகர்காரங்களுக்கு முள் குத்துனாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது, புண்ணாகி வந்து நிப்பாவ.

எத செய்யணும்னா அது உங்க முட்டிய கேட்டுத்தான். முட்டி தேஞ்சவங்களுக்கு சைக்கிள் நல்லது, ஒடம்பு பாரம் சீட்டுல போயிரும், ஆனா சீட்ட ஒசத்தி வைங்க, பெடல் கீழ போகும்போது முட்டி லேசா மடங்கி இருந்தா போதும், சீட்டு தாழ்ந்திருந்தா வலி கூடத்தான் செய்யும். படி ஏறுறது நெஞ்சுக்கு அருமையான பயிற்சி, எறங்கும்போதுதான் முட்டி அழும். ஸ்கிப்பிங் இளவட்டங்களுக்கு. பிரசவம் ஆன பொண்ணுங்க சிலருக்கு குதிச்சா ஒண்ணுக்கு கசியும், வெக்கப்பட்டு சொல்லாமலே விட்டுருதாவ, அதுக்கும் பயிற்சி இருக்கு, வந்து கேளுங்க. நீச்சல் மூட்டுக்கு ரொம்ப சொகம், தாமிரபரணி இருக்கிற ஊருல சொல்லவா வேணும், ஆனா நீச்சல் தெரியாம எறங்காதீய, அணையில தண்ணி தொறந்த நாள்ல தெரிஞ்சவங்களும் வேண்டாம்.

அண்ணாச்சிக்கு நான் மாத்துனது ஒண்ணே ஒண்ணுதான், மொதல்ல முப்பது நிமிஷம் தனியா, வெயிலுக்கு முன்ன ஏழு மணிக்குள்ள, பொறவு கூட்டாளிங்க. மொத வாரம் பத்து நிமிஷத்துலதான் ஆரம்பிச்சாவ. மூணு மாசம் கழிச்சு சுகரும் கொஞ்சம் எறங்குச்சு, முதுகும் லேசாச்சு, வடை ஒண்ணாச்சுன்னு சொன்னாவ, நான் நம்புனேன்.

நடக்கும்போது நெஞ்ச அமுக்குற மாதிரி இருந்தாலோ, எடது கை, தாடை வலிச்சாலோ, வேர்த்து தலை சுத்துனாலோ உடனே நின்னுருங்க. "வாயுப்பிடிப்பு"ன்னு சோடா வாங்கி குடிச்சிட்டு வீட்டுல போய் படுக்காதீய. 108-க்கு போன் பண்ணுங்க, பைக்க நீங்களே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போகாதீய.