பைலட் ஆக இங்கிலீஷ் மீடியம் வேணுமா? பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

கேரளா-தமிழ்நாடு பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியம் படிச்ச புள்ளைங்க பைலட் டிரெய்னிங் பத்தி விசாரிச்சா, ஏஜெண்ட் வாயில மொதல்ல வர்றது "உன் இங்கிலீஷ் பத்தாது தம்பி, ஸ்பெஷல் கோச்சிங் சேரு"ன்னுதான். அப்படி ஒரு ரூலே கெடையாது. பைலட் லைசென்ஸுக்கு வைக்கற இங்கிலீஷ் டெஸ்ட்ல 6 லெவல் இருக்கு, 4 வந்தா போதும், பேச்சுல தமிழ் வாடை அடிச்சாலும் புரிஞ்சா சரி.

நெஜமா மடக்கறது பேப்பர்தான். பிளஸ்டூல பிசிக்ஸும் மேத்ஸும் வேணும், இல்லாதவங்க என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) எழுதிக்கலாம். அப்பறம் மார்க் ஷீட் ஒரிஜினல் கையில இருந்தாலும் பத்தாதாம், போர்டு வெரிஃபிகேஷன் வேணும், அது இருந்தாத்தான் டிஜிசிஏ (விமானத் துறைய கவனிக்கற மத்திய அரசு ஆபீஸ்) கம்ப்யூட்டர் நம்பர்னு ஒரு பதிவு நம்பர் தரும், நம்பர் இல்லாம பரீட்சையே எழுத முடியாது. நம்மூருல பாதிப்பேரு பத்தாவது கேரளா, பிளஸ்டூ பொள்ளாச்சி. அப்ப திருவனந்தபுரம் பரீக்ஷா பவன்ல ஒண்ணு, சென்னை தேர்வுத்துறைல ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல போடுங்க. ஸ்கூல்ல போர்ட கேளும்பாங்க, போர்டுல ஸ்கூல கேளும்பாங்க, ரசீது வாங்காம கவுண்டர விட்டு நகராதீங்க.

அடுத்தது நம்ம இனிஷியல். மார்க் ஷீட்ல எம். செல்வி, ஆதார்ல அப்பா பேரு பின்னாடி, பாஸ்போர்ட்ல சர்நேம் காலி. டெல்லி டிஜிசிஏ ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு அது மூணு செல்வி! அப்ளிகேஷன் திரும்பி வந்துரும், மொதல்லயே சரி பண்ணிருங்க.

ரேடியோல பேசறதுக்கான ஆர்டிஆர் லைசென்ஸ் முன்னாடி தொலைத்தொடர்பு துறைகிட்ட இருந்துச்சு, 2025-ல புது சட்டம் அமலுக்கு வந்ததும் டிஜிசிஏ கைக்கு போயிருச்சு. பழைய ஃபாரத்த நீட்டற ஏஜெண்ட்ட நம்பாதீங்க.

இனி காக்பிட்ல வாய்ல சொல்ற வார்த்தை. இதுல கிராமர் பெருசில்ல. செக்லிஸ்ட்ல (ஒண்ணொண்ணா படிச்சு சரி பாக்கற பட்டியல்) ஒருத்தர் "ஃப்ளாப்ஸ்"னு (றெக்கை பின்னாடி எறக்கற தகடு) கேட்டா "ஓகே சார்"னு சொல்லாதீங்க, லீவரையும் கேஜையும் பாத்துட்டு அங்க இருக்கற நம்பரச் சொல்லுங்க, "ஃபைவ்"னா "ஃபைவ்". மேனுவல்ல என்ன வார்த்தை போட்டிருக்கோ அதே வார்த்தை. 1987-ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல ஒரு ஃபிளைட்ல டாக்ஸி செக்லிஸ்ட்ட (ரன்வேக்கு ஓட்டிட்டு போறப்ப படிக்கறது) விட்டுட்டாங்க, ஃப்ளாப் எறக்காமயே டேக்ஆஃப், 156 பேரு போயிட்டாங்க. டவர் "ஹோல்ட் ஷார்ட்"னு (ரன்வேக்கு முன்னாடியே நில்லு) சொன்னா "ரோஜர்" (கேட்டுச்சு) மட்டும் பத்தாது, ரன்வே நம்பரோட திருப்பிச் சொல்லணும். செக்லிஸ்ட் நடுவுல யாராச்சும் பேச்சு குடுத்து எங்க விட்டோம்னு சந்தேகம் வந்தா வெக்கப்படாம மொதல்லேருந்து படிங்க.