ஓட்டுக்கு முன்னால் விழும் கோடு

2018 மே 8, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் காலை 6:30 மணிக்கு வாக்குச்சாவடிகள் திறந்தன. உள்ளே போய்ப் பெயரையும் முகவரியையும் சொன்னதும், மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: "எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும்?"

நம்மூரில் இப்படி ஒரு கேள்வியை வாக்குச்சாவடியில் கேட்டால் ரகளையே நடக்கும். அங்கே அது சட்டப்படியான கேள்வி. காரணம், அன்று நடந்தது பிரைமரி. நம்மிடம் யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். அங்கே அதை மக்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் போட்டியிடும் பெயர்கள் ஒரு சீட்டில், ஜனநாயகக் கட்சிக்காரர்களின் பெயர்கள் இன்னொரு சீட்டில். எதைக் கேட்டு வாங்கினீர்கள் என்பது பதிவாகும். அதில் யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டுமே ரகசியம்.

எந்தக் கட்சிச் சீட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு சீட்டு உண்டு. அதில் வேட்பாளர் பெயரே இருக்காது. மக்கள் முன் வைக்கப்படும் தீர்மானங்கள் மட்டும் இருக்கும். ஒஹையோவில் இதை 'இஷ்யூ' என்பார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் வரி போடலாமா, இந்த வட்டாரத்தில் இன்ன கடைக்கு மது விற்க அனுமதி தரலாமா என்று ஊர்க்காரியங்கள்தான் பெரும்பாலும் அதில் வரும். அந்த மே 8 அன்று எல்லாச் சீட்டிலும் ஒரு பொதுத் தீர்மானம் இருந்தது. இஷ்யூ 1. நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைக்கோட்டை இனி யார், எப்படிப் போடுவது என்பதுதான் அதன் சாரம். சுமார் 75 சதவீதம் பேர் 'சரி' என்று போட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்டால்தான் இவ்வளவு வரும்.

எல்லைக்கோடு என்பது நில அளவைக்காரர் வேலை மாதிரித் தெரியும். அதற்கு ஏன் இத்தனை பேர் மெனக்கெட வேண்டும்? வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுங்கள், கையால் செய்து பார்த்தால்தான் இது நன்றாகப் புரியும்.

30 புளியங்கொட்டை, 20 சோழி. ஒவ்வொன்றும் ஒரு வாக்காளர். ஐந்து குழிகள், ஐந்து தொகுதிகள். குழிக்குப் பத்து என்பது மட்டுமே விதி. மொத்தத்தில் புளியங்கொட்டைக் கட்சிக்கு 60 சதவீதம், சோழிக் கட்சிக்கு 40 சதவீதம். ஐந்தில் மூன்று இடம் அவர்களுக்கு, இரண்டு இடம் இவர்களுக்கு என்று வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு குழியிலும் 6 கொட்டை, 4 சோழி போடுங்கள். ஐந்து குழியிலும் கொட்டையே வெல்லும். 5-0. நாற்பது சதவீத மக்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை. எதிராளியின் ஓட்டைச் சிதறடித்து எங்கேயும் பெரும்பான்மை வராமல் பார்த்துக்கொள்வது, இது ஒரு வித்தை.

எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டு குழியில் 9 கொட்டை, 1 சோழி. மீதி மூன்று குழியில் 4 கொட்டை, 6 சோழி. எண்ணிப் பாருங்கள், அதே 30, அதே 20. ஆனால் இம்முறை மூன்று குழியில் சோழி வெல்கிறது. சிறுபான்மைக் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது! எதிராளியின் ஓட்டை ஓரிரு இடத்தில் மூட்டையாகக் கட்டி அடைத்துவிட்டு மற்ற இடங்களைச் சுருட்டிக்கொள்வது இரண்டாவது வித்தை. ஒரு ஓட்டுகூடத் திருடப்படவில்லை, கள்ள ஓட்டு இல்லை, எண்ணிக்கையில் தப்பு இல்லை. கோடு மட்டும் நகர்ந்தது.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஜெரிமாண்டரிங் என்று பெயர். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்தது. ஒரு பத்திரிகை இரண்டு பெயரையும் ஒட்டிவிட்டது.

இதை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. பத்துப் பேர் உள்ள குழியில் ஜெயிக்க 6 போதும். அதற்கு மேல் விழுந்தவை வீண். தோற்ற குழியில் விழுந்தவை எல்லாமே வீண். நம் கடைசிக் குழிகளில், மூன்று தோல்வியில் கொட்டைக்கு 12 வீண், இரண்டு வெற்றியில் தலா 3 வீதம் 6 வீண். மொத்தம் 18. சோழிக்கு வீணானது வெறும் 2. வித்தியாசம் 16, அதாவது ஐம்பதில் 32 சதவீதம். நிக்கலஸ் ஸ்டெஃபனோபூலஸ், எரிக் மெக்கீ என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வீண் ஓட்டுக் கணக்கை நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார்கள்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் நகரத்திலேயே நெருக்கியடித்துக் குடியிருந்தால், யாரும் சூழ்ச்சி செய்யாமலே அவர்கள் ஓட்டு மூட்டையாகிவிடும். அதனால் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழி பிடித்தார்கள். மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும், தொகுதி துண்டு துண்டாக இருக்கக் கூடாது என்ற விதிகளை மட்டும் கொடுத்துவிட்டு, கட்சி நிலவரம் எதையும் சொல்லாமல், கணினியை லட்சக்கணக்கான வரைபடங்கள் போடச் சொல்வது. அப்புறம் சட்டசபை போட்ட வரைபடத்தை அந்தக் குவியலின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. குவியலின் நடுவில் இருந்தால் சரி. ஒதுங்கி ஓரத்தில் தனியாக நின்றால், அது தற்செயலாக அங்கே வந்திருக்காது. எனக்கு இந்த முறைதான் மிகவும் நேர்மையானதாகப் படுகிறது. ஊரின் அமைப்பால் வந்தது எது, வரைந்தவர் கையால் வந்தது எது என்று பிரித்துக் காட்டுவது இதுதான். ஒஹையோவின் வரைபடத்தை எதிர்த்து நடந்த வழக்கிலும் இது சாட்சியமாக வந்தது.

சரி, ஒஹையோவில் என்ன நடந்தது? அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதை வைத்து நாடாளுமன்றக் கீழவையின் 435 இடங்களை மாநிலங்களுக்குப் பங்கு போடுவார்கள். 2010 கணக்கெடுப்பில் ஒஹையோவுக்கு 18 இடம் 16 ஆகக் குறைந்தது. (தொகுதி மறுவரையறை என்றதும் தமிழ்நாட்டின் 39 நினைவுக்கு வருவது இயல்பு. நம் சண்டை மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதில். அங்கே அது தானாக நடந்துவிடும். கிடைத்த இடங்களுக்குள் கோடு எங்கே ஓடுவது என்பதில்தான் அவர்கள் சண்டை.) இந்தியாவில் கோடு போட மறுவரையறை ஆணையம் உண்டு. ஒஹையோவில் நாடாளுமன்றத் தொகுதிகளுக்குக் கோடு போட்டது சட்டசபையேதான். அதாவது ஆளுங்கட்சி.

2011இல் குடியரசுக் கட்சி வசம் அந்தப் பேனா இருந்தது. அவர்கள் போட்ட வரைபடத்தின் 9ஆவது தொகுதியைப் பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும். டொலீடோவிலிருந்து கிளீவ்லாந்து வரை, ஈரி ஏரியின் கரையை ஒட்டியே ஒல்லியாக நீண்டு கிடந்தது. சாண்டஸ்கி விரிகுடா அருகே தொகுதியின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தது ஒரு பாலம். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ஏரிக்கரைப் பாம்பு'. ஜனநாயகக் கட்சியின் இரண்டு உறுப்பினர்களை, 1983 முதல் இருந்த மார்சி கேப்டரையும் 1997 முதல் இருந்த டென்னிஸ் குசினிச்சையும், அந்தப் பாம்பு ஒரே தொகுதிக்குள் விழுங்கியது. 2012 மார்ச் பிரைமரியில் இருவரும் மோத வேண்டியதாயிற்று. குசினிச் தோற்றார்.

அதே 2012 நவம்பரில் ஒஹையோவில் அதிபர் தேர்தலில் வென்றவர் ஒபாமா. அதே நாளில், அதே மக்கள் தேர்ந்தெடுத்த 16 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 12 பேர் குடியரசுக் கட்சி. 2014இலும் 12-4. 2016இலும் 12-4. 2018இலும் 12-4. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு இடம்கூடக் கைமாறவில்லை. இப்படி முடிவு தெரிந்த தொகுதியில் நவம்பர் தேர்தல் பேருக்குத்தான். உண்மையான போட்டி பிரைமரியில் முடிந்துவிடுகிறது. பிரைமரிக்கு வருபவர்களோ குறைவு. அதனால்தான் அந்த மேசைக் கேள்வியை நான் முதலில் சொன்னேன். கோடு இறுகிய தொகுதியில், எந்தச் சீட்டைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதிலேயே உங்கள் ஓட்டின் கனம் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இதற்கு மாற்று வேண்டும் என்று பொதுமக்கள் அமைப்புகள் கையெழுத்து வாங்கத் தொடங்கின. அது தங்கள் கையை மீறிப் போவதற்குள் சட்டசபையே இரு கட்சிப் பேச்சுவார்த்தையில் ஒரு சமரசம் செய்தது. அதுதான் இஷ்யூ 1. அதன் உள்அமைப்பு ஒரு படிக்கட்டு மாதிரி. முதல் படியில், சட்டசபையின் இரு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், அதில் இரண்டு பெரிய கட்சிகளின் உறுப்பினர்களிலும் பாதிப்பேர் இருக்க வேண்டும். முடியாவிட்டால், ஆளுநர் உட்பட ஏழு பேர் கொண்ட குழுவுக்குப் போகும், அங்கேயும் இரு தரப்பு ஒப்புதல் கட்டாயம். அதுவும் முடியாவிட்டால் மறுபடி சட்டசபைக்கு வரும், இம்முறை இரு கட்சியிலும் மூன்றில் ஒரு பங்கு போதும். அங்கேயும் நடக்காவிட்டால், ஆளுங்கட்சி தனியாகவே சாதாரணப் பெரும்பான்மையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த வரைபடத்துக்கு ஆயுள் பத்து வருஷம் இல்லை, நான்கே வருஷம். எந்தக் கட்சிக்கும் அளவுமீறிச் சாதகமாகவும் இருக்கக் கூடாது.

ஊர்களைக் கூறு போடுவதற்கும் கணக்கு வைத்தார்கள். ஒஹையோவில் 88 கவுண்டிகள், நம் மாவட்டம் போல. அதில் 65 முழுசாக இருக்க வேண்டும். 18ஐ ஒருமுறை வெட்டலாம். 5ஐ மட்டும் இரண்டுமுறை வெட்டலாம். இனி இஷ்டத்துக்குக் கத்தி வைக்க முடியாது.

அன்றைய சீட்டில் இன்னொரு பொருத்தமும் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் போட்டியில் இருந்த பெயர்களில் ஒன்று டென்னிஸ் குசினிச். கோட்டால் பதவி இழந்தவரின் பெயரும், கோட்டை மாற்றும் தீர்மானமும் ஒரே தாளில். தீர்மானம் வென்றது, அவர் ரிச்சர்ட் கார்ட்ரேயிடம் தோற்றார். குடியரசுக் கட்சிச் சீட்டில் வென்றவர் மைக் டிவைன். நவம்பர் தேர்தலிலும் வென்று ஆளுநர் ஆனார்.

2020 கணக்கெடுப்புக்குப் பின் ஒஹையோவுக்கு 15 இடம். 2021இல் படிக்கட்டு முதல்முறையாகச் சோதனைக்கு வந்தது. சமரசம் கைகூடவில்லை. ஆளுங்கட்சி கடைசிப் படிக்குப் போய்த் தனியாக வரைபடம் போட்டது, டிவைன் கையெழுத்திட்டார். 2022 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று அதை ரத்து செய்தது. நான்காவது வாக்கு தலைமை நீதிபதி மோரீன் ஓகானருடையது. அவரே குடியரசுக் கட்சிக்காரர்தான். மார்ச்சில் புதிய வரைபடம் வந்தது, அதை வைத்தே மே 3 பிரைமரி நடந்தது. ஜூலையில் அதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் வேட்பாளர்கள் தேர்வாகி முடிந்திருந்தார்கள், நவம்பர் தேர்தலும் அதே கோட்டில்தான் நடந்தது. மாநிலச் சட்டசபைத் தொகுதிகளின் கதை இன்னும் மோசம். ஐந்து முறை ரத்து. அந்த வேட்பாளர்களுக்காக ஆகஸ்ட் 2 அன்று தனியாக ஒரு பிரைமரியே வைக்க வேண்டி வந்தது.

நீதிமன்றம் ரத்து செய்யலாம், தானே வரைய முடியாது. இஷ்யூ 1இல் இருந்த ஓட்டை இதுதான் என்பேன். தப்பான வரைபடத்தைக் கொடுத்தவரிடமே மறுபடி பேனா திரும்பிப் போனது, தேர்தல் தேதியோ நெருங்கிக்கொண்டே வந்தது. காலம் கடத்துபவருக்கே லாபம் என்கிற மாதிரி ஒரு விதி அமைந்துவிட்டால், எழுபத்தைந்து சதவீத மக்கள் ஆதரவும் அதைக் காப்பாற்றாது.

2024 நவம்பரில் மறுபடி ஒரு இஷ்யூ 1 வந்தது. பணிஓய்வு பெற்ற ஓகானரே அதற்காக ஊர் ஊராகப் பேசினார். அரசியல்வாதிகள் யாரும் இல்லாத, 15 குடிமக்கள் கொண்ட ஆணையம் கோடு போடட்டும் என்பது அது. ஆனால் சீட்டில் அச்சாகும் சுருக்கத்தை எழுதுவது மாநில வாக்குச்சீட்டு வாரியம். ஜெரிமாண்டரிங்கை ஒழிக்கத்தான் தீர்மானம் என்று ஆதரவாளர்கள் சொல்ல, அந்தச் சுருக்கமோ புதிய ஆணையம் ஜெரிமாண்டர் செய்தே தீர வேண்டும் என்ற பொருளில் அச்சானது. சாவடிக்குள் நின்று அதை முதல்முறையாகப் படிக்கும் ஒருவர் எந்தப் பக்கம் ஆம், எந்தப் பக்கம் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. தீர்மானம் சுமார் 54-46 என்று தோற்றது.

2022இல் பயன்பட்ட வரைபடத்தின் ஆயுள் முடிந்ததால், 2025 அக்டோபர் 31 அன்று ஏழு பேர் குழு ஒருமனதாகப் புதிய வரைபடத்தை ஏற்றது. மார்சி கேப்டரின் 9ஆவது தொகுதியின் கோடு அதில் மறுபடியும் நகர்ந்திருக்கிறது.